அப்பாவோடு தட்சிணசித்ரா

ஜனவரி 12, 2025, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் இன்று பல்லவனில் வந்து இறங்கினார்கள். விடியற்காலை காரைக்குடியில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எழும்பூர் வந்துவிடலாம் என்பதால் அப்பாவுக்கு அந்த ரயில்தான் பிடிக்கும். நடைமேடைக் கூட்டத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அவர் தோளில் தொங்கிய மஞ்சள் பை. அதன் வாயிலிருந்து கொட்டாப்புளியின், அதாவது தச்சர் மரச்சுத்தியலின், கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. போன தடவை வந்தபோது எங்கள் குளியலறைக் கதவு மழையில் உப்பிப்போய்த் தரையை உரசுவதைப் பார்த்துவிட்டுப் போனார். அதைச் சரிசெய்ய உளி, இழைப்புளி எல்லாம் எடுத்து வந்திருக்கிறார்.

பெரியவளுக்கு ஏழாம் வகுப்பு. பொங்கல் விடுமுறைக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பழைய வீட்டைப் பார்த்து, அதன் உள்ளமைப்பை வரைந்து, ஒரு பக்கம் எழுத வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, நீங்க கட்டின வீட்டுல எது ரொம்பப் பழசு?"

அப்பா வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் கட்டுனது கம்மி ஆத்தா. பிரிச்சதுதான் கூட."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் இத்தனை வருடத்தில் அப்பா அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துக் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மா, மலாயா, இலங்கை என்று போய்க் கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்தார்கள். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940களுக்குள் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அளவுக்கு நீளமான வீடுகள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கே போட்டிருந்த முதலும் நிலமும் கைவிட்டுப் போயின. வீடு மட்டும் இங்கே நின்றது. அடுத்தடுத்த தலைமுறையில் ஒரே வீட்டுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு. ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது. ஒழுகும், உத்திரம் இற்றுப்போகும், கடைசியில் விலை பேசுவார்கள். மனைக்கு ஒரு விலை, மரத்துக்குத் தனி விலை.

தாத்தா அந்த வீடுகளுக்குக் கதவு செய்தவர். அப்பா தொழிலுக்கு வந்தபோது புதிதாக அப்படி யாரும் கட்டவில்லை. வியாபாரிகள் மரத்தைக் கழற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தூணைக் கீறல் விழாமல் இறக்கத் தெரிந்த தச்சருக்கு நல்ல கூலி. அந்தக் கூலியில்தான் நான் கல்லூரி வரை படித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

வீட்டுப் பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. குளியலறைக் கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது.

பெரியவளைத் தட்சிணசித்ராவுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு, கூட்டிப் போகலாம் என்று என் கணவர்தான் சொன்னார். நானும் அவரும் கல்யாணமான புதிதில் ஒரு முறை போயிருக்கிறோம். அப்போது படம் எடுத்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. இன்று செவ்வாய், அங்கே விடுமுறை. வியாழன் காணும் பொங்கல். அன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை எடுத்தால் மகாபலிபுரம் போகும் கூட்டத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். சனிக்கிழமை என்று முடிவானது.

"மாமா, நீங்களும் வரணும். செட்டிநாட்டு வீடு ஒண்ணை அப்படியே கொண்டுவந்து வச்சிருக்காங்க" என்றார்.

"எதை மாப்பிள்ளை? வீட்டையா?"

"ஆமா. பிரிச்சு எடுத்துட்டு வந்து திரும்பச் சேத்துருக்காங்க."

அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கரும்பை ஒடித்துச் சின்னவனிடம் கொடுத்தார். ஆனால் ராத்திரி எட்டு மணி வாக்கில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, "ஓட்டையும் கொண்டாந்தாங்களாமா?" என்று கேட்டார்.

ஜனவரி 16, வியாழன்

பெரியவள் இந்த மாதிரி அருங்காட்சியகம் முதலில் எங்கே வந்தது என்று தேடிப் பார்த்துச் சொன்னாள். சுவீடன். ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891இல் ஸ்கான்சென் என்று ஒன்றைத் திறந்தார். நாட்டில் ஆலைகள் பெருகி, கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த காலம் அது. பல ஊர்களிலிருந்து பண்ணை வீடு, தொழுவம், பட்டறை என்று வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, ஒரு மேட்டு நிலத்தில் நிறுத்தினார். உள்ளே அந்தந்த ஊர் உடையில் ஆட்கள் இருந்து நெய்வார்கள், அடுப்பு மூட்டுவார்கள். இப்போது சில மொழிகளில் திறந்தவெளி அருங்காட்சியகம் என்பதற்கே ஸ்கான்சென் என்றுதான் பெயராம்.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "அங்க சுவர் எதுல?"

முழு மரம், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி மூலையில் வெட்டிப் பூட்டுவது என்று அவள் படத்தைக் காட்டினாள். கண்புரை எடுத்த பிறகு அப்பாவுக்குக் கைப்பேசித் திரையே தெளிவாகத் தெரிகிறது. இரண்டு விரலால் பெரிதாக்கி மூலையைப் பார்த்தார்.

"இது சுலபம். ஒவ்வொண்ணுலயும் ஒரு அடையாளம் போட்டுட்டா எங்க வேணாலும் தூக்கிட்டுப் போயிரலாம். நம்ம வீடு அப்படி இல்ல. பாதி மரம், பாதி சுண்ணாம்பு. மரம் வரும். சுண்ணாம்பு எப்படி வரும்?"

நல்ல கேள்வி. செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு பல அடுக்கு. சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், மேலே முட்டை வெள்ளை சேர்த்த மெல்லிய பூச்சு. தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்குவார்கள். அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது, புதிதாகத்தான் பூச வேண்டும்.

ஜனவரி 18, சனி, இரவு

கால் வலிக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்குத் திறக்கும்போதே போய்விட்டோம். பத்து ஏக்கர். கடற்காற்று வருகிறது, நிறைய மரங்கள். பதினெட்டு வீடுகள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரா-தெலங்கானா என்று தனித்தனிப் பகுதியாகப் பிரிந்திருக்கின்றன. தெபோரா தியாகராஜன் என்ற அமெரிக்கப் பெண்மணி, தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்தவர், 1984இல் மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேஷனைத் தொடங்கினார். தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறந்தது. இடத்தின் முதல் அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர். பிறகு பென்னி குரியகோஸ் வேலையை எடுத்துச் செய்திருக்கிறார். பேக்கரைப் பற்றிப் பெரியவள் அப்பாவிடம் வண்டியிலேயே சொன்னாள்: இங்கிலாந்துக்காரர், கேரளத்தில் தங்கி, செலவு குறைந்த வீடுகள் கட்டியவர், இடித்த வீட்டுக் கதவையும் சன்னலையும் வாங்கிப் புது வீட்டில் வைத்தவர்.

"நல்ல ஆளு" என்றார் அப்பா.

செட்டிநாட்டு வீட்டுக்கு நேராகப் போவோம் என்று நினைத்தேன். அப்பா, "அது கடைசியில. மொதல்ல மத்ததைப் பாப்போம்" என்றார். ஆனால் வழியிலேயே அது வந்துவிட்டது. நின்றுவிட்டார்.

உயரமான திண்ணை, வழவழவென்று மரத்தூண்கள், நிலை முழுக்கச் செதுக்கல். சின்னவன் உள்ளே ஓடினான், அம்மா அவன் பின்னாலேயே போனாள். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை.

"வாங்கப்பா."

"போறேன். இரு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "எங்கப்பா காலத்துல வேலைக்கு வந்தா பின்கட்டு வழியாத்தான் உள்ள போறது. நானும் சின்னப் பயலா இருக்கையில அவரோட அப்படித்தான் போயிருக்கேன். முன்வாசல் வழியா நான் நிமிந்து உள்ள போனதெல்லாம் பிரிக்கப் போன வீட்டுலதான். கையில கடப்பாரையோட."

பிறகு ஒரு வீட்டின் கதையைச் சொன்னார். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி, இருபத்து நான்கு தூண், எல்லாம் ஒரே மரத்தில் எடுத்த மாதிரி இருக்கும். விலை பேசி முடித்தாகிவிட்டது. வேலை நடந்த எட்டு நாளும் அந்த வீட்டு ஆச்சி எதிர்ச்சாரியில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆறாம் நாள் அப்பா அவசரத்தில் கடப்பாரையைத் தவறான இடத்தில் நெம்பினார். ஒரு தூணின் கழுந்து, அதாவது துளைக்குள் பூட்டும் முனை, முறிந்து, தூண் கீழே விழுந்து நெடுக வெடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஆச்சி தெருவைத் தாண்டி வந்து பார்த்துவிட்டு மறுபடி போய் அதே இடத்தில் நின்றார்கள். கடைசி நாள் அப்பாவைக் கூப்பிட்டு, அடுப்படிக் கதவின் கொண்டி மட்டும் வேண்டும் என்றார்கள். இரும்புச் சாமான் எல்லாம் எடைக்குப் பேசியது, ஒரு ஆணிகூடக் குறையக் கூடாது என்பது வியாபாரியின் கட்டளை. அப்பா கொண்டியைக் கழற்றி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எதுக்குக் கேட்டாகன்னு கேக்கல. கேக்கத் தோணல."

அந்தத் தூண்கள் எங்கே போயின என்று கேட்டேன். எட்டு ஒரு விடுதிக்கு, பத்துப் பன்னிரண்டு பெங்களூரில் ஒரு பெரிய வீட்டுக்கு, மீதி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடை வாசலில் மூன்று வருடம் வெயிலில் கிடந்தது. எந்தத் தூண் எந்த உத்திரத்தைத் தாங்கியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. குறிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு எழுந்தார். நிலைப்படியைத் தாண்டுமுன் குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உள்ளே போனதும் ஆளே மாறிவிட்டார். சுற்றுலா வந்தவர்கள் மேலே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அப்பா கீழே பார்க்கிறார். ஒவ்வொரு தூணின் அடியிலும் முட்டி போட்டு உட்கார்ந்து, கல்லும் மரமும் சேரும் இடத்தை நகத்தால் தடவுகிறார். கறையானோ ஈரமோ தின்றால் அடியில்தான் தின்னும். தின்ற பாகத்தை அறுத்து எடுத்தால் தூண் குள்ளமாகும். குள்ளமானதை மறைக்கக் கல்லை உயர்த்துவார்கள். சாண் போட்டு அளந்தார். பக்கத்துத் தூணையும் அளந்தார். பிறகு எழுந்து நின்று போதிகை தூணின் தலையில் உட்காரும் இடத்தையும், போதிகையின்மேல் உத்திரம் படியும் இடத்தையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆத்தா, இங்க வா. ஒரு தாள் நுழையுமா பாரு."

நுழையாது. இடைவெளியே இல்லை.

"பழைய மரத்தைக் கழட்டித் திரும்பப் பூட்டுனா துளை அகண்டு போயிருக்கும். ஆப்பு வச்சு அடிப்பான், மக்கு வச்சு அடைப்பான், கண்டுபுடிச்சிரலாம். இவன் அப்படிச் செய்யல. பிரிக்கும்போதே சேக்கப்போறதை நெனச்சு எடுத்திருக்கான்."

தொட்டுத் தடவிக்கொண்டே இருந்ததை அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவர் கவனித்துவிட்டார். தொடக் கூடாது என்று சொல்வார் என்று பயந்தேன். அவர் அருகே வந்து, "ஆசாரியா நீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். அந்தந்த ஊர் வீட்டை அந்தந்த ஊர்க் கொத்தனாரும் தச்சருமே வந்து திரும்பக் கட்டினார்கள் என்று அவர் சொன்னார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேரள வீட்டை நம்ம ஊர் ஆசாரி தொட்டால் கைப்பழக்கம் மாறிவிடும், வந்ததுதான் சரி என்றார்.

அம்மா அதற்குள் பின்னால் அம்மிக்கல் பக்கம் நின்றுகொண்டு பேரனுக்கு அரைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள், வெறும் கல்லில்.

மதியம் அங்கேயே சாப்பிட்டோம். கேரளப் பக்கம் போகும்போது இரண்டு மணி.

புதுப்பள்ளியிலிருந்து கொண்டுவந்த சிரியன் கிறித்தவர் வீடு ஒன்று இருக்கிறது. 1850 வாக்கில் கட்டியது. சுவரே மரப்பலகை. நடுவில் நெல் அறை. நெல்தான் குடும்பத்தின் செல்வம், அதனால் வீட்டின் நெஞ்சுப் பகுதி அதற்கு. மழை நாட்டில் தரையில் ஈரம் ஏறாமல் நெல்லைக் காப்பாற்ற இப்படி மரத்தாலேயே அறை கட்டுவார்கள். பலகையோடு பலகை நாக்கும் பள்ளமுமாகக் கோத்திருக்கிறது, ஆணி வேலை கண்ணுக்குத் தென்படவில்லை. அப்பா இங்கே கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் இருந்தார். பலா மரமாக இருக்கும் என்றார், மோந்தும் பார்த்தார்.

"இது வீடு இல்ல மாப்பிள்ளை. பெட்டி. பெரிய பெட்டி. செஞ்சவன் என்னைக்காச்சும் கழட்டித் தூக்கிட்டுப் போகணும்னே செஞ்ச மாதிரி இருக்கு." இன்று முழுவதிலும் அப்பா சத்தமாகச் சிரித்தது அங்கேதான்.

பெரியவள் எந்த வீட்டை வரையப்போகிறாள் என்று கேட்டேன். செட்டிநாட்டு வீட்டைத்தான் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டில் வளவு இல்லை, முகப்பு இல்லை. ஒரு தூண், போதிகை, உத்திரம், மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, நடுவே புள்ளிக்கோடு போட்டு வரைந்திருந்தாள். கழுந்து எப்படி இருக்கும் என்று அவள் கேட்க, அப்பா உள்ளங்கையில் வரைந்து காட்டியிருக்கிறார்.

மீதியை நாளைக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று விட்டுப்போனவை.

ஆந்திரக் கடற்கரைப் பக்கத்து வட்ட மண்வீடு. புயல் அடிக்கும் ஊர். மூலை இருந்தால் காற்று அங்கே முட்டித் தள்ளும். வட்டமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கூரை கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிறது, குனிந்துதான் நுழைய வேண்டும். சின்னவனுக்கு அளவாக இருந்தது. தனக்காகவே கட்டிய வீடு என்று முடிவு செய்துவிட்டான், வெளியே கூட்டிவரப் பெரும்பாடு.

கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு கல். எங்கே தொட்டாலும் குளிர்ச்சி.

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டில் தறி. குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வதை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். தன் கல்யாணப் புடவை காஞ்சிபுரம் இல்லை, எங்கள் பக்கத்துக் கண்டாங்கி என்பதைப் பெரியவளிடம் சொன்னாள். அதில் வருத்தமே இல்லை, கண்டாங்கிதான் உசத்தி என்கிற குரல்.

குயவர் சக்கரத்தில் சின்னவன் ஒரு அகல் செய்தான். அவன் செய்தான் என்றால், அந்தக் குயவர் அவன் கைமேல் தன் கையை வைத்துச் செய்தார். ஈரமாகவே காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து சன்னலோரம் காய வைத்திருக்கிறோம். சுடாத மண், எண்ணெய் ஊற்றினால் உறிஞ்சிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். ஏற்ற மாட்டேன், வைத்துக்கொள்ள மட்டும்தான் என்கிறான்.

ஐயனாரும் சுடுமண் குதிரைகளும் இருக்கும் இடத்தில் அம்மா கும்பிட்டாள்.

எனக்கு மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. வீடு இருந்த ஊர், தெரு, மனிதர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரத்தையும் ஓட்டையும் மட்டும் இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் அது இன்னும் அந்த வீடுதானா? அடுப்படியில் புகை வாசனை இல்லை. வளவில் வடகம் காயவில்லை. நெல்லறையில் நெல் இல்லை. திரும்பி வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன்.

அவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆளு இல்லாத வீடுதான். நான் பிரிச்ச வீடெல்லாமும் ஆளு இல்லாத வீடுதான். அதெல்லாம் இப்ப எங்க இருக்கு, சொல்லு?"

என்னிடம் பதில் இல்லை. இதை எழுதும்போதும் இல்லை. பத்தாயிரம் வீடு இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் தூக்கிவந்து காப்பாற்றினால் போதுமா என்று நேற்றுக் காலை யாராவது கேட்டிருந்தால் போதாது என்று சொல்லியிருப்பேன். ஊரிலேயே அந்த வீடுகள் நிற்க வேண்டும், ஆள் வாழ வேண்டும், இப்போதும் அதுதான் என் ஆசை. ஆனால் ஒரு தூணின் அடியில் முட்டி போட்டு என் அப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டேன். அந்தத் தூண் அங்கே இல்லையென்றால் அவர் எங்கே போய் உட்காருவார்?

ஜனவரி 23, வியாழன்

இன்று ஊருக்குக் கிளம்பினார்கள்.

நேற்று மாலை அப்பா கடைக்குப் போய்வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். திரும்பி வரும்போது கையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, அழிப்பான் ஒன்று. பேரனுக்கு வாங்கிவந்தார் என்று நினைத்தேன். சின்னவனும் அப்படித்தான் நினைத்துக் கையை நீட்டினான். "இது எனக்குடா" என்று பைக்குள் வைத்துவிட்டார்.

இரவு பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடிமட்டத்தை எப்படிப் பிடித்தால் கோடு நகராது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க மரத்தில் கோடு போட்டவர். தாளில் போடுவது வேறு என்கிறார். மரம் அசையாது, தாள் வழுக்குகிறது.

ரயில் பெட்டியில் ஏற்றிவிட்டபோது கேட்டேன், "நோட்டுல என்னப்பா எழுதப் போறீங்க?"

"அந்த ஆச்சி வீடு. ஞாபகம் இருக்கிற வரைக்கும்."

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா தினமும் போனில் புகார் சொல்கிறாள். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறாராம். காப்பி ஆறிப்போகிறதாம். கூட வேலை பார்த்தவர்களில் இன்னும் இருக்கும் ஒருவரைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போய்வந்திருக்கிறார், இரண்டாங்கட்டுச் சன்னல் நாலா ஐந்தா என்று கேட்க. ஐந்து என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பக்கம் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறான். பெரியவள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் சேர்க்கிறாள். பள்ளிக்கு அவள் எழுதிய ஒரு பக்கம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. இது அதற்காக இல்லை.

வீட்டைப் பிரிக்கும் வரிசையிலேயே வரைந்துவருகிறார். கட்டும்போது கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் விதி. அதனால் முதல் பக்கத்தில் ஓடு. எத்தனை வரிசை, எந்த மூலையில் ஒழுகியது என்பது வரை. அடுத்து ஓடு தாங்கும் சட்டங்கள், கைமரங்கள். ஒவ்வொன்றுக்கும் எண். பிரித்த நாளில் போடாத எண்களை இப்போது போடுகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. "உத்தரம் 3 தேக்கு 19 அடி வெடிப்பு இல்லை."

இன்று காலை வந்த பக்கம் வளவு. இருபத்து நான்கு வட்டங்கள், நான்கு பக்கமும். ஒவ்வொரு வட்டத்துக்கு அருகிலும் அந்தத் தூண் போன இடம். விடுதி, விடுதி, பெங்களூர், பெங்களூர், கடைவாசல். பதினேழாம் வட்டத்தின்மேல் ஒரு குறுக்குக்கோடு. பக்கத்தில், "ஒடஞ்சது. என் கை."

அடுத்தது நிலை வாசல். அதற்கு இந்த நோட்டுப் பக்கம் பத்தாதாம், செதுக்கல் இருக்கிறது, பெரிய தாள் வேண்டும் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். பெரியவள் வரைபடத் தாள் நான்கு வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள். நாளைக் காலை கூரியரில் போட வேண்டும்.